கொள்ளைக்காரர் என்று எழுதிய கை



சில வாரங்களுக்கு முன்பு ஈப்போவில் ஆசிரியர்கள் சிலர் கூடிய இலக்கியச் சந்திப்பு ஒன்றில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' பேசுபொருளாயிற்று. 1945-ஆம் ஆண்டு வெளிவந்த சிறிய புதினம் அது. ஒரு பண்ணையின் விலங்குகள் முதலாளியை விரட்டிவிட்டுப் புரட்சி செய்கின்றன. அந்தப் புரட்சியைப் பன்றிகள் கைப்பற்றிக்கொள்கின்றன. தலைமைப் பன்றியின் பெயர் நெப்போலியன். அதற்கு வாயாக இருந்து பேசும் பன்றியின் பெயர் ஸ்குவீலர்.

பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் மட்டும் உண்பது ஏன் என்று மற்ற விலங்குகள் முணுமுணுத்தால், அதுவும் உங்கள் நன்மைக்கே என்று விளக்கம் சொல்ல ஸ்குவீலர் வந்துவிடும். சுவரில் எழுதிவைத்த சட்டங்களை இரவில் சாயம் பூசித் திருத்துவதும் அதன் வேலைதான். ஒருநாள் நள்ளிரவில் ஏணி முறிந்து, சாயக் குவளையோடு கீழே விழுந்து கிடக்கிறது. அப்போதும் அந்த விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு எதுவும் விளங்கவில்லை!

கலந்துரையாடலில் ஓர் அன்பர் எழுந்தார். "நெப்போலியனைத் திட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்குவீலர் மீது எனக்குக் கோபமில்லை. பேசுவது அதன் தொழில். யார் கூலி கொடுத்தாலும் அப்படித்தான் பேசியிருக்கும். அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்" என்றார். அவையில் பலர் சிரித்தனர். பலர் தலையசைத்தனர்.

இந்தக் கட்டுரை அந்தத் தலையசைப்புக்கு எதிரானது.

ஸ்குவீலர் எதையும் நம்புவதாக ஆர்வெல் எங்குமே காட்டவில்லை. தலைவனுக்கு அதிகார வெறி இருக்கிறது. உழைத்தே சாகும் குதிரைக்கு நம்பிக்கை இருக்கிறது. ஸ்குவீலருக்கு இரண்டும் இல்லை. தொழில் மட்டுமே இருக்கிறது. ஒரு கொள்கையில் வெறி கொண்டவனிடமாவது, "உன் கொள்கைப்படியே இது தவறல்லவா?" என்று கேட்கலாம். கொள்கையே இல்லாதவனிடம் எதைக் கொண்டு கேட்பது? அவன் ஒரு சொல்லை எடுப்பதும் அச்சொல் உண்மை என்பதற்காக அன்று. விடுவதும் பொய் என்பதற்காக அன்று. பலித்தால் எடுப்பான், பலிக்காவிட்டால் விடுவான். என் வாதம் முழுவதும் இதுதான். இதற்குச் சான்று தேடி ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை அன்பர்களே. நம் பேராக் மாநிலமே போதும்.

கதைக்கு நேர்ந்த கதி

முதலில் அந்தப் புதினத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு, தகவல் ஆய்வுத் துறை என்ற பெயரில் ஒரு பிரிவை மறைவாகத் தொடங்கியது. கம்யூனிச எதிர்ப்புப் பரப்புரையே அதன் பணி. 1950-இல் ஆர்வெல் மறைந்தார். அதன்பின் அந்தத் துறை 'விலங்குப் பண்ணை'யைப் படக்கதையாக வரையச் செய்து பல நாடுகளின் செய்தித்தாள்களுக்கு வழங்கியது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மறைவாகப் பணம் கொடுத்து அதை உயிரோவியப் படமாக எடுக்க வைத்தது. அப்படம் 1954-இல் வெளிவந்தது. நூலின் முடிவில் பன்றிகளும் மனித முதலாளிகளும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள்; யார் பன்றி, யார் மனிதர் என்று பிரித்தறிய முடியாது. படத்தின் முடிவில் மனித முதலாளிகளைக் காணவில்லை! பன்றிகள் மட்டுமே குற்றவாளிகள்!

சுவரில் எழுதியதை இரவில் மாற்றும் பாத்திரத்தைப் பற்றிய கதை. அந்தக் கதையின் முடிவையே இருட்டில் மாற்றினார்கள். இதைவிட ஒரு நகைமுரண் உண்டா?

அதே பிரிட்டிஷ் அரசு, அதே 1948-ஆம் ஆண்டில்தான் நம் மண்ணிலும் ஒரு போரைத் தொடங்கியது.

போர் என்று சொல்லப்படாத போர்

1948 சூன் 16. சுங்கை சிப்புட். எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற வெள்ளைக்காரத் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில், அருகிலிருந்த வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினர். இரண்டே நாள்களில் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 சூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது.

கவனியுங்கள்: அவசரகாலம். பன்னிரண்டு ஆண்டுகள் குண்டு வீசி, பீரங்கி சுட்டு, இலட்சக்கணக்கான மக்களை இடம் பெயர்த்த நிகழ்வுக்குப் போர் என்ற பெயர் வைக்கப்படவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்ட நிறுவனங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தரமாட்டா என்பதே காரணம் என்று வரலாற்று நூல்கள் பரவலாகக் கூறுகின்றன. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். போர் இல்லையென்றால் எதிரே நிற்பவன் போர்வீரனும் இல்லை. பிறகு அவன் யார்? அதற்கும் ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது. கொள்ளைக்காரன்!

ஒருவருக்கு எத்தனை பெயர்?

சித்தியவானில் 1924-இல் பிறந்த ஒரு சீன இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஓங் பூன் ஹுவா என்பது அவருடைய இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் சின் பெங்.

சப்பானியர் ஆட்சியின்போது பேராக் காடுகளில் இருந்தபடி பிரிட்டிஷ் இரகசியப் படையினருக்குத் துணை நின்றவர் அவர். 1946 சனவரியில் மவுண்ட்பேட்டன் பிரபு சிங்கப்பூரில் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். அப்போது அவர் பெயர் வீரர்.

1948-இல் அவரே கொள்ளைக்காரர் ஆனார். 1952-இல் அவர் தலைக்கு அறிவிக்கப்பட்ட விலை இரண்டரை இலட்சம் வெள்ளி. அதே ஆண்டு அரசு 'கொள்ளைக்காரர்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி' என்ற சொல்லை அதிகாரபூர்வமாக்கியது. 1955 திசம்பரில் பேராக்கின் வடகோடியில் உள்ள கிளியான் இந்தான் அருகே காட்டிலிருந்து வெளியே வந்தார். பாலிங் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் துங்கு அப்துல் ரகுமானோடும் டேவிட் மார்ஷலோடும் டான் செங் லாக்கோடும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினார். அந்த இரண்டு நாள்களுக்கு அவர் பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர். பேச்சு முறிந்தது, மீண்டும் பயங்கரவாதி. 1989 திசம்பர் 2-ஆம் நாள் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது அவர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு.

அவர் செய்தவற்றை நான் இங்கே எடைபோடவில்லை. பெயர்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பெயரையும் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் மேசைமுன் அமர்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 1952-இல் 'கொள்ளைக்காரர்' என்ற சொல் ஏன் கைவிடப்பட்டது? அது அநியாயமான சொல் என்று யாருக்கேனும் மனம் உறுத்தியதா? இல்லை. சீனாவில் கோமிந்தாங் அரசும் பின்னர் சப்பானியரும் தங்களை எதிர்த்தவர்களைக் 'கொள்ளைக்காரர்' என்றே அழைத்திருந்தார்கள். ஆகையால் அச்சொல்லைக் கேட்ட சீன மக்களிடம் எதிர்பார்த்த வெறுப்புப் பிறக்கவில்லை. மேலும், சாதாரணக் கொள்ளையர் என்றால் உலகக் கம்யூனிசத்தோடு உள்ள தொடர்பு மறைந்துபோகிறது என்று இலண்டன் கவலைப்பட்டது. அதாவது அச்சொல் வேலை செய்யவில்லை! வேலை செய்யாத மண்வெட்டியை மூலையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் அச்சொல்லால் சுட்டப்பட்டுச் செத்தவர்களைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை.

உண்மை பேசிய பரப்புரையாளர்

"பரப்புரையாளர் என்றால் பொய்யர், பொய்யரைக் கண்டுபிடிப்பது எளிது" என்று நாம் நினைக்கிறோம். அவ்வளவு எளிதன்று.

1950 செப்டம்பரில் ஹியூ கார்ல்டன் கிரீன் என்பவர் அவசரகாலத் தகவல் சேவையின் தலைவராக மலாயா வந்தார். புதின ஆசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி. இரண்டாம் உலகப் போரில் பி.பி.சி.யின் செருமானிய மொழி ஒலிபரப்பை நடத்தியவர். ஓராண்டுதான் இங்கே இருந்தார். பிற்காலத்தில், 1960 முதல் 1969 வரை பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக இருந்து, அரசை அஞ்சாமல் எள்ளி நகையாடும் நிகழ்ச்சிகளுக்கு இடம் கொடுத்தவர் என்ற நற்பெயரும் பெற்றார். அரக்கர் அல்லர், பண்பட்ட மனிதர்.

அவர் வகுத்த நெறி வியப்புக்குரியது. மிகைப்படுத்தாதே; பொய் சொல்லாதே; பொய் பிடிபட்டால் பிறகு நீ சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார். சரணடைந்தவர்களையே பேசவும் எழுதவும் வைத்தார். தலைகளுக்கான வெகுமதிகளை உயர்த்தச் செய்தார். கட்சிப் பொறுப்புக்கு ஏற்ப விலைப்பட்டியல்! அவர் காலத்திலும் அதன் பின்னரும் விமானங்களிலிருந்து கோடிக்கணக்கான துண்டறிக்கைகள் காடுகளின் மீது பொழிந்தன. ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் மரங்களுக்கு மேலே பேசிக்கொண்டு பறந்தன. தோட்டப்புறங்களுக்குத் திரைப்பட வண்டிகள் வந்தன. திடலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். படத்துக்கு முன்னும் பின்னும் செய்தி. மலாயா வானொலி தமிழிலும் பேசியது.

பொய் சொல்லாத பரப்புரையாளரில் என்ன குறை காண்கிறாய் என்று கேட்பீர்கள். குறை இதுதான்: உண்மை அங்கே ஓர் உத்தி. பலன் தருவதால் சொல்லப்படும் உண்மை, பலன் தராத இடத்தில் வாய் திறக்காது. எந்த உண்மைகள் துண்டறிக்கையில் இடம்பெற்றன என்பதோடு எவை இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

துண்டறிக்கையில் இல்லாதவை

தஞ்சை மண்ணில் பிறந்து இங்கு வந்த எஸ். ஏ. கணபதியை அறிவீர்களா? நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூலி உயர்வு கேட்டு நின்ற காலம் அது. 1948 சூனில், அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டுச் சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கணபதி கைது செய்யப்பட்டார். அவசரகாலச் சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள், மற்றொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அதே சம்மேளனத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர் லாம் ஸ்வீ. அவர் 1950-இல் சரணடைந்தார். கட்சியின் கொடுமைகளைச் சாடி 1951-இல் 'என் குற்றச்சாட்டு' என்ற சிறுநூலை எழுதினார். அரசு அதைப் பரப்பியது. அவர் எழுதியதில் உண்மை இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஒரே சங்கத்தின் இருவர். ஒருவருடைய குரல் அச்சேறி ஊர் ஊராகப் போனது. மற்றவருடைய குரல் புடு சிறையின் சுவரோடு நின்றது. கேட்ட மக்கள் அறிந்தது எந்தக் கதை?

சம்பாசிவம் என்ற மற்றொரு தமிழர். சொகூரில் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றவர். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950-இல் தண்டனை இரத்து செய்யப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் இருவரின் விதி எப்படி மாறிப்போயிற்று பாருங்கள்! மேல்முறையீடு நிறைவேறும் வரை உயிரோடு இருந்ததால் ஒருவர் பிழைத்தார். ஆனால் 'கொள்ளைக்காரர்' என்ற சொல்லுக்கு மேல்முறையீடு ஏது? அதை விசாரிக்கும் நீதிமன்றம் எங்கே இருக்கிறது?

சிலாங்கூரின் பத்தாங் காலியில், 1948 திசம்பர் 11, 12 ஆகிய நாள்களில், ஆயுதமற்ற தோட்டத் தொழிலாளர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். கொள்ளைக்காரர்கள் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பது அதிகாரபூர்வச் செய்தி. 1970-இல் அப்படைவீரர்களில் சிலரே ஒரு பிரிட்டிஷ் செய்தித்தாளில் உண்மையைச் சொன்னார்கள். குடும்பத்தினர் பொது விசாரணை கேட்டு நடத்திய வழக்கை 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பரப்புரைச் சொல்லின் ஆயுளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 67 ஆண்டுகள்!

இன்னும் அருகே வருவோம். 1952 மார்ச்சில் நம் தஞ்சோங் மாலிமில், குடிநீர்க் குழாயைச் சீர்செய்யச் சென்ற குழுவினர் மீது தாக்குதல் நடந்து பன்னிரண்டு பேர் இறந்தனர். உயர் ஆணையர் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீடு குறைப்பு. பிறகு வீடு வீடாக ஒரு தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். மக்களின் இதயங்களையும் மனங்களையும் வெல்லுதல் என்ற புகழ்பெற்ற தொடரை உலகுக்குப் பரப்பியவரும் இதே டெம்ப்ளர்தான். வயிற்றைச் சுருக்கிவிட்டு இதயத்தைக் கேட்டார்கள்!

எங்கள் தோட்டத்து முதியவர்கள் அக்காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் சோற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். காட்டிலிருப்போருக்கு உணவு போய்ச் சேரக் கூடாதென்று, கட்டுப்பாடு இருந்த இடங்களில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகத் தடை. வாயிலில் சோதனை. கடையில் வாங்கும் டின்னைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் மரத்துக்குப் போனவர்களின் தலைக்கு மேலே, உங்கள் பாதுகாப்புக்காகவே இவையெல்லாம் என்று சொல்லும் தாள்கள் பறந்தன. பாலும் ஆப்பிளும் நினைவுக்கு வருகின்றனவா?

மறுப்புகளுக்கு மறுமொழி

"கம்யூனிஸ்டுகள் கொலை செய்யவில்லையா?" என்று ஒரு குரல் கேட்கிறது. செய்தார்கள். நன்றாகவே செய்தார்கள். அவசரகாலத்தில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் அவர்களால் கொல்லப்பட்டனர். அவர்களில் நம் தோட்டத் தமிழரும் உண்டு. பேருந்துகளைக் கொளுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பறித்தார்கள். நமக்குச் சோறு போட்ட பால்மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள். அவர்களிடமும் ஸ்குவீலர்கள் இருந்தார்கள். காட்டிக்கொடுத்தான் என்ற ஐயம் எழுந்தால் போதும். 'ஏகாதிபத்தியத்தின் ஏவல் நாய்' என்று ஒரு சொல். அதன்பின் அந்தக் கங்காணியையோ கிராணியையோ வெட்டுபவனுக்குக் கை நடுங்கவில்லை. கொள்ளைக்காரன் என்ற சொல் இந்தப் பக்கம் செய்த வேலையை, ஏவல் நாய் என்ற சொல் அந்தப் பக்கம் செய்தது. இரண்டு தொழிற்சாலைகள், ஒரே சரக்கு. நடுவில் லயத்தில் படுத்திருந்தவர்கள் நம்மவர்கள். ஆகவே நான் கட்சிக்காக வழக்காட வரவில்லை. இரு பக்கமும் அந்தத் தொழிலை வெறுக்கச் சொல்கிறேன்.

"பரப்புரையால் போர் விரைவில் முடிந்தது, உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?" என்பது இரண்டாவது குரல். சரணடைந்தால் கொல்லமாட்டோம் என்ற வாக்குறுதித் தாளைப் பிடித்தபடி காட்டைவிட்டு வந்து உயிர் பிழைத்தோர் உண்டு. அந்தத் தாளை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வாக்கைக் கொடுத்து அதைக் காப்பாற்றினால் அதற்கு அறம் என்று பெயர். ஆனால் மனிதர்களுக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயரின் மறைவில் அவர்கள் கேட்ட கூலியையும் நிலத்தையும் உரிமையையும் கேள்வியாகவே இல்லாமல் ஆக்கியது வேறு. கொள்ளைக்காரனுக்குக் கோரிக்கை இருக்க முடியாதல்லவா?

மூன்றாவது குரல்தான் அந்தச் சந்திப்பில் ஒலித்தது: "அது அவன் தொழில்." தூக்குக் கயிறு திரிப்பதும் தொழில்தான். தொழில் என்ற சொல் பொறுப்பைக் கழுவும் சவர்க்காரமாகிவிட்டால், உலகில் குற்றம் செய்தவர் என்று எவரும் மிஞ்சமாட்டார். துப்பாக்கி பிடித்தவன் ஆணைப்படி சுட்டான். ஆணையிட்டவன் அறிக்கையைப் படித்து ஆணையிட்டான். அறிக்கை எழுதியவன் தொழிலைச் செய்தான். பிறகு அந்த 24 பேரைக் கொன்றது யார்? காற்றா?

இன்றும் உயிரோடு இருக்கும் சொல்

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2006-ஆம் ஆண்டு இயக்குநர் அமிர் முகமட் சின் பெங்கைப் பற்றி 'கடைசிக் கம்யூனிஸ்டு' என்னும் ஆவணப்படம் எடுத்தார். சின் பெங்கின் முகம் ஒருமுறைகூட வராத படம். தணிக்கையாளர்கள் அனுமதித்தார்கள். ஒரு நாளேடு எதிர்த்து எழுதியது. உள்துறை அமைச்சு தடை செய்தது. 2013 செப்டம்பர் 16-ஆம் நாள் அவர் பேங்காக்கில் இறந்தார். உயிரோடும் வர முடியவில்லை. உடலாகவும் வர முடியவில்லை. 2019-இல் அவருடைய சாம்பல் கொண்டுவரப்பட்ட செய்தி வெளியானபோது நாடே இரண்டு பட்டது. அச்சொல்லை எழுதிய அலுவலர்கள் எப்போதோ ஓய்வூதியம் பெற்றுப் போய்விட்டார்கள். சொல் மட்டும் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

கணபதியின் நிலையோ வேறு. அவரைத் திட்டக்கூட ஆளில்லை. சுங்கை சிப்புட் என்றால் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அதே ஊரில் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் நம் மக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. நினைவைச் சொல்ல இருந்த முதியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இனி மிஞ்சப்போவது அலுவலகத்தில் எழுதப்பட்ட சொல் மட்டுமே என்றால், அன்பர்களே, அந்தப் போரில் நாம் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடம். பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க எந்தச் சுற்றறிக்கையும் தடையாக இல்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருமுறை ஐந்து அட்டைகளைக் கொடுத்தேன். வீரர், கொள்ளைக்காரர், பயங்கரவாதி, பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் என்று அவற்றில் எழுதியிருந்தது. இவற்றை நல்லவர், கெட்டவர் என்று பிரியுங்கள் என்றேன். ஒரு நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள். பிறகு ஐந்தும் ஒருவரையே குறிக்கும் என்று சொல்லி ஆண்டுகளை எழுதிக் காட்டினேன். வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி கையை உயர்த்தி, "ஐயா, அப்போ இந்தப் பேரையெல்லாம் வச்சது யாரு?" என்று கேட்டாள்.

நான் சொல்லிக்கொடுக்க நினைத்த பாடத்தை அந்தப் பிள்ளை ஒரே வரியில் கேட்டுவிட்டாள்!

அந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு முன் இவருக்கு என்ன பெயர் இருந்தது? இந்தச் செய்தியில் பேச விடப்படாதவர் யார்? மூன்றே கேள்விகள். அவசரகாலப் பாடத்துக்கு மட்டும் என்று எண்ண வேண்டா. நம் பிள்ளைகளின் கைகளில் இன்று திறன்பேசி இருக்கிறது. புலனக் குழுவில் ஒவ்வொரு நாளும் யாரையோ துரோகி என்றும் வந்தேறி என்றும் அழைக்கும் செய்திகள் வருகின்றன. விமானத்திலிருந்து தாள் விழுந்த காலத்தில் குனிந்து எடுத்தால்தான் படிக்க முடியும். இன்று எடுக்க வேண்டியதுமில்லை; தானாகவே திரைக்கு வந்துவிடுகிறது. எழுதியவரின் முகமும் தெரிவதில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்மிடம் அதிகாரம் இல்லை. பணமும் இல்லை. சொல் இருக்கிறது. சொல்லை அழகாக அடுக்கக் கற்றுத்தருவதற்கே பேச்சுப் போட்டி நடத்துகிறோம். எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் ஆதரித்தும் எதிர்த்தும் முழங்கும் பிள்ளைக்கு வெற்றிக் கோப்பை கொடுக்கிறோம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்: "கண்ணு, நீ பேசினதுல நீ நம்புறது எது?" பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது ஆசிரியர்களே, கரும்பலகையில் அச்சொல்லை எழுதுங்கள். பக்கத்தில் கணபதியின் பெயரையும் 1949 என்ற ஆண்டையும் எழுதுங்கள். பிறகு பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்.

அன்புடன்,
பேராக்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்